பதினோரு கிலோமீட்டர் ஓடிய டயர்

ஆதித்யன் சார், போன செவ்வாய்க்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கனகவள்ளி கொடுத்த காப்பியை அப்படியே ஆறவிட்டுப் போய்விட்டீர்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை. ஒன்று விளங்காமல் நிற்கும்போது காப்பியெல்லாம் ஞாபகத்துக்கு வராது. நானும் அப்படிப்பட்டவன்தான்.

உங்களுக்கு விளங்காமல் நின்றது சின்ன விஷயம். என் தம்பி தமிழ்செல்வனின் பைக்கில் பின் டயர் புதிது. அதை மாட்டிய அன்று மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் இருந்தது என்று என் கடைச் சீட்டிலேயே எழுதியிருக்கிறேன். அவன் விழுந்த இடத்தில் போலீஸ்காரர்கள் குறித்துக்கொண்ட எண்ணிலிருந்து அதைக் கழித்தால் பதினோரு கிலோமீட்டர் வருகிறது. பதினோரு கிலோமீட்டர் மட்டும் ஓடிய டயரில் முடி நிறைய இருக்க வேண்டும். இந்த டயரில் தரை படும் பரப்பு முழுக்கத் தேடினாலும் ஒரு முடி கிடையாது. நீங்கள் பேன்ட் அழுக்காவதைப் பார்க்காமல் முட்டி போட்டு உட்கார்ந்து விரலால் தடவித் தடவிப் பார்த்தீர்கள். "இது எப்படி அண்ணாச்சி? நீங்க மெக்கானிக், நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். "தெரியலையே சார்" என்றேன்.

தெரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வண்டி பார்க்க வருகிறவர்கள் பத்து நிமிஷத்தில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் டயரின் முடி வரைக்கும் பார்த்தீர்கள். அப்படிப் பார்க்கிற ஒருவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது நியாயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன் என்று சொன்னீர்கள். மாட்டுங்காவில் உங்கள் அம்மா தமிழ்ப் பத்திரிகை ஒன்றுவிடாமல் வாசிப்பவர் என்றும் சொன்னீர்கள். அவரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வண்டி ஓட்டாதவருக்கும் விளங்கும்படி எழுதுகிறேன்.

முதலில் முடி. டயரை இரும்பு அச்சுக்குள் வைத்துச் சூடாக்கி அழுத்துவார்கள். உள்ளே அகப்பட்ட காற்று வெளியேற அச்சில் ஊசித் துளைகள் இருக்கும். காற்று போன வழியில் ரப்பரும் கொஞ்சம் பிதுங்கும். அதுதான் புது டயரில் குச்சி குச்சியாக நிற்கிற முடி. அதோடு, வெந்த டயர் அச்சில் ஒட்டாமல் கழன்று வர ஒரு வழவழப்பு வேண்டும், இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிற மாதிரி. அந்த வழவழப்பு புது டயரின் மேல்தோலிலேயே தங்கிவிடும். கடையிலிருந்து வந்த டயர் பளபளவென்று அழகாக இருக்கும். தரையை மட்டும் பிடிக்காது. நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும். நேராக மட்டும் ஓட்டினால் நடுப்பகுதிதான் தேயும், ஓரம் வழவழவென்றே கிடக்கும். வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, ஓரத்தையும் தரையில் உரசவைத்துப் பழக்க வேண்டும்.

தாராவியிலிருந்து செம்பூர் வரை பைக் வைத்திருக்கிற பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். சுயம்பு அண்ணாச்சி கடையில் டயர் மாற்றினால் இரண்டு நாள் வண்டி கைக்கு வராது. விடிந்ததும் நானே எடுத்துக்கொண்டு வடாலா போவேன். லாரிகள் நிற்கிற பெரிய மைதானம் அந்நேரம் பாதி காலியாக இருக்கும். அங்கே எட்டு போடுவேன். முதலில் பெரிய எட்டு, பிறகு சின்னது, பிறகு இன்னும் சாய்த்து. முடியெல்லாம் உதிர்ந்து டயர் மங்கிப்போன பிறகுதான் சாவி கொடுப்பேன். இருபது வருஷமாக அப்படித்தான். வண்டியை வாங்க வருகிறவன் டயரைத் தடவிப் பார்த்து முடி இல்லையென்றால் அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டான். என் கடையில் மொட்டை டயர் என்றால் சுயம்பு ஓட்டிவிட்டான் என்று அர்த்தம்.

அடுத்து வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அதை நசுங்கிய நிலையில்தான் பார்த்தீர்கள். அதற்கு முன்பும் அது ஒருமுறை நசுங்கிய வண்டிதான். நாலு வருஷத்துக்கு முன்னால் குர்லாவில் ஒருவர், முன்பக்கம் நொறுங்கிக் கிடந்த இந்த வண்டியை மலிவாகத் தள்ளிவிட, நானும் தம்பியும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பதினோரு மாதம் இருவரும் பிரித்துப் பூட்டினோம். ஒவ்வொரு நட்டும் எங்கள் கை பட்டது.

நானூறு சிசி. மிகப் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. ஆயிரம் சிசி வண்டியை இந்த ஊரில் ஓட்டுவது ஒண்டுக்குடித்தன வீட்டுக்குள் யானையைக் கட்டுவது மாதிரி. இது கைக்கு அடங்கும். இரண்டு சிலிண்டர். ஒன்றில் பிஸ்டன் மேலே போகும்போது மற்றதில் கீழே வரும். நாற்பத்தைந்து குதிரை சக்தி. நூற்றறுபத்தெட்டு கிலோ எடை, பெட்ரோலோடு சேர்த்து. ஆறாயிரம் சுற்றுக்குக் கீழே ஓட்டினால் ஆபீஸ் போகிற ஆள் மாதிரி மரியாதையாக நடந்துகொள்ளும். ஆறாயிரத்தைத் தாண்டினால் குரல் மாறும். எட்டாயிரத்தில் இழுக்கிற இழுப்பில் வயிறு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு ஐந்து விநாடி. நான் வாட்ச் வைத்துப் பார்த்தேன், அவன் ஓட்டினான்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது கிளட்ச். வேகமாக வந்து சட்டென்று கியரைக் குறைத்தால் இன்ஜின் பின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும், சக்கரம் தத்தும். இந்தக் கிளட்ச் அந்த நேரத்தில் தானாகக் கொஞ்சம் நழுவிக்கொடுக்கும். தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில் கூட்டம் தள்ளும்போது பக்கத்தில் கையைப் பிடித்திருப்பவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இருவரும் தப்பிப்பார்கள். விறைப்பாகப் பிடித்தால் இருவரும் விழுவார்கள். உங்கள் அம்மாவுக்கு இது உடனே விளங்கும்.

பிரேக்கில் ஏபிஎஸ் உண்டு, முன்னாலும் பின்னாலும். சக்கரத்தோடு ஒரு துளை போட்ட வளையம் சுற்றும். பக்கத்தில் ஒரு சென்சார் அந்தத் துளைகளை எண்ணிக்கொண்டே இருக்கும். பிரேக்கை அழுத்தி, வண்டி ஓடும்போதே சக்கரம் மட்டும் நின்றுவிட்டால் எண்ணிக்கை அறுந்துவிடும். உடனே பிடியை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டு, ஒரு விநாடிக்குள் பல தடவை செய்யும். ஆனால் அது பிரேக்குக்கு மட்டும் காவல். வளைவில் சாய்ந்து போகும்போது டயர் பக்கவாட்டில் நழுவினால் அதற்குத் தெரியாது. விலை கூடிய வண்டிகளில் சாய்வையும் பின் சக்கரத்தின் நழுவலையும் கவனிக்கிற கருவிகள் இருக்கின்றன. இந்த வண்டியில் இல்லை. வளைவில் இந்த வண்டிக்கு இருக்கிற ஒரே காவல் டயர்தான்.

இப்போது தம்பி. அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயது, எனக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவனை வளர்க்க ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கூப்பிட்டார்கள், நான் அனுப்பவில்லை. கடையில் ஒரு டயருக்குள் உட்காரவைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்துக் கனகவள்ளி வந்தாள். எங்களுக்குக் குழந்தை அமையவில்லை. அவன் இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை. அவளை அவன் மைனி என்று கூப்பிட்டாலும், காய்ச்சல் வந்தால் அவள் சேலைக்குள்தான் சுருண்டு கிடப்பான்.

பதின்மூன்று வயதில் கார்புரேட்டர் பிரித்தான். இருபது வயதில் என்னைவிட நன்றாக அவனுக்குக் காது கேட்டது, இன்ஜின் சத்தத்தைச் சொல்கிறேன். நாங்கள் வேலை பார்க்கும்போது பேசமாட்டோம். நான் கையை நீட்டுவேன், எந்த ஸ்பானர் வேண்டுமோ அது கையில் வந்து விழும். பதினாலாம் நம்பர் என்று சொன்னதே கிடையாது.

பதினெட்டு வயதில் நாசிக்கில் டிப்ளமா படிக்க அவனுக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். சேர வேண்டிய கடைசி நாள் காலையில் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. இன்ஜினுக்குப் பொறி போகாதபடி பிளக் கேப்பைக் கழற்றி உள்ளே ஒரு சின்னத் துண்டு ரப்பரை வைத்துத் திரும்ப மாட்டியிருந்தேன். நானும் அவனோடு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பழுது தேடினேன். ரயில் போன பிறகு கண்டுபிடித்தும் கொடுத்தேன். "எங்க இருந்துண்ணே இது வந்துச்சு" என்று அந்த ரப்பர் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அன்றைக்கு யாருக்கும் அடி படவும் இல்லை.

இந்த வருஷம் மார்ச்சில் பூனா பக்கத்தில் ஒரு பைக் ஃபேக்டரியில் அவனுக்கு வேலை கிடைத்தது. புது வண்டிகளை வெளியே விடுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிற பிரிவு. டிப்ளமா இல்லாதவனை எடுக்கமாட்டார்கள். இன்டர்வியூவில் ஒரு இன்ஜினை ஓடவிட்டு என்ன பழுது என்று கேட்டார்களாம். கண்ணை மூடிக்கொண்டு மூன்று பழுது சொன்னானாம். அவர்கள் வைத்தது இரண்டுதான். மூன்றாவது அவர்களுக்கே தெரியாதது. ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். டிசம்பரில் கல்யாணம். பெண் கீதா, திலக் நகர். சயானில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். அவளும் பூனாவுக்கு மாற்றல் கேட்டிருந்தாள்.

கனகவள்ளி தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். நான் சாப்பிடவில்லை என்பதை அவள்தான் கவனித்தாள்.

"ஏங்க, பூனாதான. காலையில ரயில் ஏறுனா மத்தியானம் அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டுட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துரலாம். எதுக்கு இப்படி மூஞ்சிய வச்சிக்கிட்டு இருக்கிய?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாததுதான் பயமா இருக்கு. சின்னப்பிள்ளையா அவன்? போவட்டும். நமக்கும் வயசு ஆவுதுல்லா, அவனுக்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. பூனா மூன்றரை மணி நேரம். ஆனால் கையை நீட்டினால் ஸ்பானர் வந்து விழாது. இதை யாரிடமும் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எதையும் விளக்கிச் சொல்ல வரும். இது மட்டும் வரவில்லை.

அதனால் யோசித்தேன். பல பையன்களை விழுந்த இடத்திலிருந்து தூக்கியிருக்கிறேன், எப்படி விழுந்தால் எங்கே உடையும் என்று தெரியும். வளைவில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சாய்ந்த பக்கமே படுத்துவிடும். ஓட்டுபவன் அதோடு சறுக்கிப் போவான். இடது வளைவென்றால் இடது கால் வண்டிக்கு அடியில் மாட்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். எலும்பில் தகடு வைத்தால் ஆற ஐந்து மாதம், ஆறு மாதம். ஃபேக்டரி அதுவரை காத்திருக்காது. பிறகு நொண்டாமல் நடப்பான். இதுதான் கணக்கு.

மே மாதம் அவனே வந்து பின் டயர் தேய்ந்துவிட்டது, பூனா போகும்போது மலைப்பாதை இருக்கிறது, மாற்றிவிடலாம் என்றான். வாங்கி வைத்தேன். உடனே மாட்டவில்லை. மழை தொடங்கட்டும் என்று இருந்தேன். முதல் மழையில் ரோட்டில் ஊறிய எண்ணெயெல்லாம் மேலே மிதந்து வரும், அது உங்களுக்கும் தெரியும். இதற்கிடையில் அவனுக்கு நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தோளுக்கும் முழங்கைக்கும் கவசம் வைத்த ஜாக்கெட், கெட்டியான தோல் கையுறை. கையுறையை இரண்டு கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்கினேன். கை எங்கள் தொழிலுக்கு வேண்டும்.

ஜூன் பத்தாம் தேதி டயரை மாட்டினேன். மறுநாள் காலை வடாலா போகிற மாதிரி ஸ்டாண்டிலிருந்து எடுத்து, கடைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் நிறுத்தினேன். ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் முடிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். தரை படுகிற பகுதியில் மட்டும். பக்கச் சுவரில் இருந்ததை விட்டுவிட்டேன், ஓட்டினாலும் அது அங்கே நிற்கும். சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றுவது, வெட்டுவது, சுற்றுவது. இரண்டரை மணி நேரம் ஆனது. பளபளப்பு தெரியாமல் இருக்கக் கையில் மண்ணை எடுத்து லேசாகப் பூசினேன். பக்கத்தில் சீட் உறை தைக்கிற அப்ரார் பாய் சுண்ணாம்பு கேட்டு வந்தவர் பார்த்துவிட்டார்.

"என்னா சுயம்பு பாய், டயருக்கு ஹஜாமத்தா? மீசைய மட்டும் விட்டுரு, இல்லாட்டி கோவிச்சுக்கும்."

"தம்பி வண்டி பாய். அழகா இருக்கணும்ல."

"பூனாக்கு மாப்பிள்ளையா போவுது வண்டி" என்று சிரித்துக்கொண்டே போனார். அவரை நீங்கள் விசாரிக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பார்த்ததைச் சொல்வார்.

ஜூன் பதின்மூன்றாம் தேதி மதியம் தூறல் போட்டது. கனமழை இல்லை. கனமழையாக இருந்தால் அவன் வண்டி எடுத்திருக்கமாட்டான். கனகவள்ளி கீதா வீட்டுக்குக் கொடுத்துவிட அதிரசம் சுட்டிருந்தாள். நான்தான், ஆறிப்போவதற்குள் கொடுத்துவிட்டு வா என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு குனிந்து டயரைத் தடவினான்.

"ஓட்டிட்டியாண்ணே?"

"ஓட்டிட்டேன். எட்டு போட்டு ரெண்டு ஓரமும் பழக்கிட்டேன்."

"ஒரு முடி இல்ல. நீ கில்லாடிண்ணே. பூனாக்காரனுவ உன்னைத்தான் எடுத்திருக்கணும்."

"போ லே, நனைஞ்சுராம வா."

நான் செய்த குற்றம் என்று யாராவது சொல்வதாக இருந்தால் அது, ஓட்டிட்டேன் என்று சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். வண்டியில் எந்தப் பாகத்தையும் நான் தொடவில்லை. பிரேக் சரியாக இருந்தது, ஏபிஎஸ் சரியாக இருந்தது, செயின் சரியாக இருந்தது. நீங்களே எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று ஆச்சரியப்பட்டீர்கள். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒழுங்காகப் பூட்டிய வண்டி அது.

திலக் நகரிலிருந்து தாராவிக்குத் திரும்ப நேர்வழி இருக்கிறது. அவன் அதில் வரமாட்டான். வடாலா பக்கம் மோனோ ரயில் தூண்களுக்கு அடியில் ஒரு நீண்ட இடது வளைவு உண்டு. அந்த வளைவுக்காகவே சுற்றி வருவான். மூன்றாவது கியரில், ஒரே சாய்வில், வலது கையால் முறுக்குகிற திராட்டிலை அசைக்காமல் அதை முடிப்பது அவனுக்கு ஒரு சுகம். வண்டி அவனுக்கு என்ன கொடுத்ததோ அதெல்லாம் அந்த வளைவில் இருந்தது.

நான் நினைத்தபடியே பின் சக்கரம் வழுக்கியது. வண்டி படுக்கத் தொடங்கியது. அதுவரை கணக்குச் சரி. ஆனால் அந்த இடத்தில் தலைக்குமேல் மோனோ ரயில் பாதை ரோட்டைக் குறுக்காகக் கடக்கிறது. தூறலில் ரோடு முழுக்க நனைந்தாலும் அந்தப் பாதைக்கு நேர் கீழே ஒரு பட்டை மட்டும் காய்ந்து கிடக்கும். வழுக்கிக்கொண்டு வந்த சக்கரம் அந்தக் காய்ந்த பட்டையில் ஏறியதும் சட்டென்று தரையைப் பிடித்துவிட்டது. நழுவுகிற சக்கரம் திடீரென்று பிடித்தால் வண்டி சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் துள்ளி நிமிரும், மேலே இருப்பவனைத் தூக்கி எறியும். அவன் காற்றில் போய்த் தூணில் முதுகு அடிபட விழுந்தான். ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லை. கையுறை அப்படியே இருந்தது. இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒரு இடம். சயானில் டாக்டர் படத்தைப் பிடித்துக் காட்டினார். இனி இடுப்புக்குக் கீழே உணர்வு வராது என்றார்.

காய்ந்த பட்டையை எப்படி மறந்தீர்கள் என்று கேட்பீர்கள். மழைக்காலத்தில் அங்கே கவனமாகப் போ, ஈரத் தரையும் காய்ந்த தரையும் மாறி மாறி வரும் என்று பையன்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். தம்பிக்கும் நான்தான் காட்டினேன், இறங்கி நின்று, காலால் தொட்டு. அன்றைக்கு அது என் நினைவில் வரவில்லை. வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அவன் முன்னறையில் இருக்கிறான், நீங்கள் பார்த்தீர்கள். கட்டிலைத் தெருப்பக்கம் போட்டிருக்கிறேன். காலையில் நான்தான் குளிப்பாட்டுகிறேன். புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறேன். கனகவள்ளிக்கு முதுகு தாங்காது. தெருவில் பைக் போனால் கண்ணைத் திறக்காமலே சொல்வான், "சிங்கிள் சிலிண்டர்ண்ணே, செயின் லூசு." சில நாள் மதியம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கிடப்பான். தோள் குலுங்கும். கால் பக்கம் ஒன்றும் குலுங்காது. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்துத்தான் வளைவைப் பற்றிக் கேட்டான்.

"அண்ணே, மூணாவதுலதான் வந்தேன். ஆறாயிரம்கூட இல்ல. டயர் நீ பழக்குனது. எதுக்கு வழுக்குச்சு?"

"நடுவுல திராட்டில மூடுனியா?"

"தெரியலண்ணே. நான் மூட மாட்டேனே."

"மூடியிருப்ப. தூறலைப் பாத்ததும் கை தானா மூடியிருக்கும். மூடுனா எடை முன்னால போவும், பின் சக்கரம் லேசாயிரும். லேசான சக்கரம் பிடிக்காது. அவ்வளவுதான்."

ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். எடை எப்படி முன்னால் போகும், அம்புக்குறி போட்டு.

"ஆமாண்ணே" என்றான். "மூடிட்டேன் போல."

இப்போது பார்க்க வருகிற எல்லோரிடமும், நான்தான் திராட்டிலை மூடிட்டேன், என் தப்பு என்று சொல்கிறான். உங்களிடமும் அதைத்தான் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை, அதை நம்புகிறான். காரணம் தெரியாமல் கிடப்பதைவிட ஒரு காரணம் தெரிந்து கிடப்பது மனதுக்கு நல்லது. பாதி நாள் நான் கடையைச் சாத்திவிட்டு அவன் பக்கத்தில்தான் இருக்கிறேன். கார்புரேட்டர், பம்ப் எதையாவது கொண்டுவந்து கட்டிலில் துணி விரித்துப் பிரிப்போம். கையை நீட்டுகிறேன், ஸ்பானர் வந்து விழுகிறது.

அப்படியே போயிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். நீங்கள் வந்துபோனதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கீதா வந்தாள். அவள் வராத வாரம் கிடையாது. அன்று வந்தவள் உட்காரவே இல்லை.

"அத்தான், பூனா கம்பெனில பேசியாச்சு. ஓட்டுற வேலை இல்லாட்டி என்ன, காது இருக்குல்லா. உக்காந்து இன்ஜின் சத்தம் கேட்டுப் பழுது சொல்ற டேபிள் ஒண்ணு இருக்காம். இவங்களுக்காக வச்சிருக்காங்களாம்."

"இப்படியே எப்படிம்மா போவான்?"

"தரைத்தள வீடு பார்த்தாச்சு. வீல்சேர் ஏற சரிவு கட்டணும், பாத்ரூம் கதவ அகலப்படுத்தணும், ஒரு ஆள் வைக்கணும். பைக் இன்ஷூரன்ஸ்ல அடிபட்டவங்களுக்குத் தர்ற பணம் வந்துட்டா எல்லாம் ஆயிரும். கல்யாணத்த அங்கயே சிம்பிளா வச்சுக்கலாம். அக்கா, நீங்க என்ன சொல்லுதிய?"

கனகவள்ளி அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி கட்டிலில் கையூன்றி நிமிர்ந்து உட்கார முயற்சி செய்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தை அப்படிப் பார்த்தேன். "அண்ணே, மூணு பழுது சொன்னேன்ல, அந்த டேபிள்தான்" என்றான்.

அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு நீங்கள் கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்கோ அண்ணாச்சி. ஆத்து மனுஷாளே யாராவது வேணும்னு பண்ணிருந்தா க்ளெய்ம் நிக்காது, அதனாலதான் டயரை இவ்ளோ நோண்டறேன். உங்காத்துல அப்படி யார் இருக்கா, சொல்லுங்கோ." கனகவள்ளி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உண்மையைச் சொல்லாமல் ஒரு மனிதன் எத்தனை நாள் இருக்க முடியும், சார்? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன், வேறு எதற்கும் இல்லை. ரிப்போர்ட்டில் நீங்கள் இப்படி எழுதலாம்: பின் டயரை ஓட்டிப் பழக்கவில்லை. பழக்கியதாகக் காட்டுவதற்கு முடிகளைக் கத்தரியால் வெட்டி, பொய் சொல்லிச் சாவி கொடுத்தவன் கூடப்பிறந்த அண்ணன். தெரிந்தே செய்தான், மழை நாள் பார்த்துச் செய்தான். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போலீஸுக்குக் கொடுத்தாலும் கொடுங்கள். ஒரு வாக்கியத்துக்கு எத்தனை வருஷம் உள்ளே வைப்பார்கள். க்ளெய்ம் நிற்காவிட்டால் சரிவு கட்ட முடியாது, ஆள் வைக்க முடியாது, பூனா வீடு இல்லை. நான் திரும்பி வரும்போது அவன் இங்கேதான் இருப்பான்.